எனக்குப் பொருந்திய மாத்திரை

இருமல் வந்தபோது பழியை ஏர்கோன் குளிர் மீது போட்டேன். பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. தூசு புகாத அறை அது. கண்ணைத் தவிர எல்லாவற்றையும் மூடிய வெள்ளை உடுப்பில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளில் எது விட்டிருக்கிறது, எது வளைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வருடம் முழுக்க ஒரே குளிர். அங்கே யாருக்குத்தான் இருமல் இல்லை என்று இருந்துவிட்டேன்.

கிளினிக் மாற்றி கிளினிக் போய் சிரப் வாங்கிக் குடித்தேன். பிறகு ஒரு சாயங்காலம், ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட் பழுதாகிக் கிடந்தது. பசாரில் வாங்கிய கீரையும் மீனுமாகப் படியேறியவள், பாதியில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டேன். மேலே ஏற முடியவில்லை. கீழே இறங்கவும் மனமில்லை. எங்களுக்கு மேல்மாடியில் இருக்கும் சீன அம்மாள் இறங்கி வந்தார். ஒன்றும் கேட்காமல் மீன் பையை எடுத்துக்கொண்டு, நான் எழுந்து வரும்வரை ஒவ்வொரு படியாக நின்று நின்று எனக்கு முன்னால் நடந்தார். மறுநாளே என் கணவர் என்னை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனார். அவர் ஸ்கூல் பஸ் ஓட்டுபவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, அந்தக் காலி பஸ்ஸிலேயே என்னை ஏற்றிக்கொண்டார். நான் பின் சீட்டில் யாரோ ஒரு பிள்ளை விட்டுப்போன தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருந்தது. ஊசி போட்டு இறக்கினார்கள். பால் ஊற்றாத தேத்தண்ணி நிறத்தில் அது போத்தலில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சதைத் துணுக்கு எடுத்தார்கள். அப்புறம் ஒரு நாள் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்கள். நுரையீரல் புற்றுநோய். நான்காம் கட்டம். அறுவை செய்து எடுக்கும் நிலையைத் தாண்டிவிட்டது.

“இவ சிகரெட்டக் கையாலகூடத் தொட்டதில்ல டாக்டர். நானும் குடிக்கிறதில்ல,” என்றார் என் கணவர். ஏதோ கணக்கு தப்பிவிட்டது, திருத்திவிட்டால் சரியாகிவிடும் என்பதுபோல.

டாக்டர் ஓர் இளம் சீனப் பெண். ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார். புகை பிடிக்காத பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது, நம் பக்கத்து நாடுகளில் அதிகமாகவே வருகிறது என்றார். அப்படி வருகிறவர்களில் பலருக்கு அந்தக் கட்டியின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருக்கும். அந்த மாற்றம் இருந்தால் அதையே குறிவைத்துத் தாக்கும் மாத்திரை ஒன்று இருக்கிறது. தினம் ஒன்று. வீட்டிலேயே சாப்பிடலாம். இருக்கிறதா இல்லையா என்று பார்க்க உங்கள் சதைத் துணுக்கைக் கோலாலம்பூருக்கு அனுப்பியிருக்கிறோம். பொறுத்திருங்கள்.

“அந்த மாற்றம் இல்லன்னா?”

“வேறு வழிகள் இருக்கின்றன. ஆனால் முதலில் இதைப் பார்ப்போம்.”

அன்றிலிருந்து என் வாழ்க்கையில் ஒரு விசித்திரமான வேண்டுதல் வந்து சேர்ந்தது. உடம்பில் குறை எதுவும் இருக்கக்கூடாது என்றுதான் எல்லாரும் வேண்டிக்கொள்வார்கள். நான், எனக்குள்ளே வளர்கிற கட்டியில் ஒரு குறிப்பிட்ட பிழை இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கோயிலில் நின்று அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், அது இருக்கட்டும், அது இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்றவர்கள் நான் யாருடைய உயிருக்கோ வேண்டுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

இருமலுக்குக் கொடுத்த மருந்தில் தூக்கம் கலந்திருந்தது. அந்த வாரங்களில் நான் பாதித் தூக்கத்திலேயே நடமாடினேன். சோறு வடிப்பேன், துணி காயப்போடுவேன், எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல மெல்ல நடக்கும். பகலில் கண்ணை மூடினால் கனவு வந்துவிடும். கனவில் யாரோ ஒரு பெண், என்னைப்போலவே வெள்ளை உடுப்புப் போட்டவள், மைக்ராஸ்கோப்பில் என் சதையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அவள் கண் மட்டும் தெரியும். அவசரப்படாதே, நன்றாகப் பார், ஓரத்தைப் பார் என்று நான் சொல்வேன். ஓரத்தில் இருப்பவை எப்படித் தப்பிப்போகும் என்று எனக்குத் தெரியும். அவள் தலையைத் தூக்காமல் சரி என்பதுபோல் கையைக் காட்டுவாள். விழிக்கும்போது சன்னலுக்கு வெளியே மோட்டார் சைக்கிள்களின் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்துக்கு எது கனவு என்று குழம்பிப்போய்ப் படுத்திருப்பேன்.

பின்னால் நான் அக்கா என்று அழைத்தவரை முதலில் பார்த்தது அப்போதுதான். ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டிய உருவம், பூப்போட்ட பாஜு உடுப்பு, கையில் துணிப்பை. பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து என் பக்கம் நீட்டினார். அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பூவும்.

“சாப்பிடுங்க தங்கச்சி. இங்க கூப்பிடறதுக்குள்ள பசியில மயக்கம் வந்திரும்லா.”

தாசேக் கெலுகோரிலிருந்து வருகிறார். அங்கே தமிழ்ப்பள்ளிக் கேண்டீனில் சமைப்பவர். வீட்டுக்காரர் இறந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகள் கோலாலம்பூரில். விடியும் முன்னே எழுந்து, ரயிலில் பட்டர்வொர்த் வந்து, ஃபெரியில் கடலைத் தாண்டி, பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வருவாராம். எனக்கு இருப்பதுதான் அவருக்கும் இருந்தது. எனக்கு அனுப்பிய அதே சோதனைக்குத்தான் அவருடைய சதையும் போயிருந்தது.

“நம்ம ரெண்டு பேருதும் ஒரே பொட்டியில போயிருக்கும்,” என்றார். அதைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. இருவரும் சிரித்து, சிரிப்பு இருமலாகி, தாதி வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதன்பிறகு எங்களுக்கு ஒரே நாளில் டாக்டரைப் பார்க்கும்படி மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டோம். அக்கா கொஞ்ச நாளிலேயே ‘ங்க’வை விட்டுவிட்டார். தங்கச்சியாக இருந்த நான் வெறும் ‘ம்மா’ ஆனேன். என்ன முயன்றாலும் நான் அவரை ‘நீங்க’ என்றுதான் சொன்னேன்.

ஒரு நாள் இருவரும் போய் உட்கார்ந்தபின், சோதனை முடிவு இன்னும் வரவில்லை, ஆய்வுக்கூடத்தில் தாமதம் என்று சொன்னார்கள். வெளியே வந்தோம். வெயில் வெள்ளையாக இருந்தது. என் கணவர் மத்தியான ஸ்கூலுக்குப் போயிருந்தார்.

“இப்ப வீட்டுக்குப் போயி என்னம்மா செய்யப் போற?”

“படுக்கணும்.”

“படுக்கிறத ரயில்ல படுத்துக்கலாம். வா. எங்க ஸ்டேஷனத் தாண்டி அந்த ரயிலு பாடாங் பெசார் வரைக்கும் போகுதாம். இத்தன வருசமா அந்த ஊர்ல இருக்கேன், நான் ஒரு தடவகூட அந்தப் பக்கம் போனதில்ல.”

வெல்ட் கீ படகுத்துறையில் ஃபெரி ஏறினோம். கடல் சலனமில்லாமல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. துறைமுகத்துக் கிரேன்கள் தலையைக் கவிழ்த்து நின்றுகொண்டிருந்தன. மருந்தின் மயக்கத்தில் எனக்குக் கப்பல் நிற்பதாகவும் கரைதான் மெல்ல வருவதாகவும் இருந்தது. பட்டர்வொர்த்தில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் என் கணவர் போன் செய்தார்.

“எங்க இருக்க?”

“அக்காவோட பாடாங் பெசார் போறேன்.”

“எதுக்கு?”

“சும்மா.”

பஸ்ஸில் பிள்ளைகள் கத்துவது கேட்டது. “தண்ணி வச்சிருக்கியா?” என்றார். வைத்திருக்கிறேன் என்றேன். “சரி, போயிட்டு வாங்க,” என்றார்.

தாசேக் கெலுகோர் வந்தது. கதவு திறந்தது, சிலர் இறங்கினார்கள், கதவு மூடியது. அக்கா எழுந்திருக்கவில்லை. கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டு, தன் ஊர் பின்னால் போவதைச் சின்னப் பெண் மாதிரி பார்த்தார். “நான் இல்லாமயே நிக்குது பாரு,” என்றார்.

கெடா மாநிலத்துக்குள் போனபின் இரண்டு பக்கமும் வயல். நாற்று நட்டிருந்த பருவம். தண்ணீரில் வானம் முழுக்கக் கிடந்தது. மேகத்துக்கு நடுவில் ரயில் போகிறதா, ரயிலுக்குக் கீழே மேகம் போகிறதா தெரியவில்லை. கொக்குகள் எழும்பி, கொஞ்சம் தள்ளிப் போய், திரும்பவும் அதே வானத்தில் உட்கார்ந்தன. அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நானும் தூங்கியிருக்க வேண்டும். கண் விழித்தபோது மலைகள் வந்திருந்தன. தனித்தனியாக, தரையிலிருந்து திடீரென்று முளைத்தவைபோல.

பாடாங் பெசாரில் தாய்லாந்து எல்லையைத் தாண்டவில்லை. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் நாசி ச்சம்போர் சோறு வாங்கிச் சாப்பிட்டோம். அந்தப் பக்கம் சியாம் என்று கைகாட்டிச் சொன்னார்கள். பார்த்தோம். இந்தப் பக்கம் மாதிரியேதான் இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டே நான் கேட்டேன். “அக்கா, ஒருத்தருக்கு நல்லபடியா வந்து இன்னொருத்தருக்கு வரலன்னா?”

அவர் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். “ரெண்டு பேருக்கும் வரும்,” என்றார். அதைச் சொன்ன விதத்தில் எனக்கும் அப்படியே தோன்றியது. திரும்பி வரும்போது நாங்கள் மாத்திரையைப் பற்றியே பேசினோம். என்ன நிறத்தில் இருக்கும், கசக்குமா, மகளிடம் சொல்லலாமா வேண்டாமா, முடி கொட்டாதாமே, வேலைக்குப் போகலாமாமே. பண்டிகைக்குத் துணி எடுக்கிறவர்களைப்போலப் பேசினோம். என் நோய்க் காலத்தில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தது அந்தப் பயணத்தில்தான். அப்போது எங்கள் இருவர் கையிலும் எதுவும் இல்லை. ஒரே அளவு ஆசை மட்டும் இருந்தது.

முடிவு எனக்கு முதலில் வந்தது. டாக்டர் வாயைத் திறக்குமுன் சிரித்துவிட்டார். “இருக்கிறது,” என்றார். மரபணுவில் எந்த இடத்தில், என்ன விட்டுப்போயிருக்கிறது என்று ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயரை நான் வெகுநாள் உச்சரித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் டாக்டருக்கு நன்றி சொன்னார், தாதிக்கு நன்றி சொன்னார், கதவைப் பிடித்த காவலாளிக்கும் சொன்னார். கீழே வந்தபின் பஸ்ஸை எங்கே நிறுத்தினோம் என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. அத்தனை பெரிய மஞ்சள் பஸ்ஸைத் தேடிக்கொண்டு இருவரும் வெயிலில் சுற்றினோம். கண்டுபிடித்ததும் அவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

மருந்துக்கான செலவை எப்படிச் சமாளித்தோம் என்பது தனிக் கதை. தொழிற்சாலை இன்சூரன்ஸும் ஆஸ்பத்திரி சமூகநல அதிகாரியும் கைகொடுத்தார்கள் என்பதோடு விடுகிறேன். மாத்திரை கையில் வந்தது. சாப்பிட ஆரம்பித்தேன்.

மறுநாள் நான் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது அக்கா போன் செய்தார்.

“எனக்கு இல்லயாம்மா.”

கஞ்சி ஆவி முகத்தில் அடித்தது.

“நீ ஆரம்பிச்சிட்டியா?”

“நேத்து, அக்கா.”

“சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

“எப்ப வேணும்னாலும் சாப்பிடலாமாம். தெனம் ஒரே நேரத்துக்குச் சாப்பிடணும்.”

“அப்ப காலையில சாப்பிடு. காலையில சாப்பிட்டா மறக்காது,” என்றார். பிறகு, தனக்கு ஊசி மருந்து என்று முடிவாகியிருக்கிறது, பழைய முறைதான், முடி போய்விடுமாம், போகட்டும் என்றார். மகள் அழுகிறாள், அவளைத் தேற்ற வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒரு காலையில் விழித்தேன். வெளிச்சம் நன்றாக வந்திருந்தது. தலையணையை அடுக்கிவைத்து உட்கார்ந்தபடி தூங்குகிற நான், எப்போதோ சரிந்து தட்டையாகப் படுத்துத் தூங்கியிருந்தேன். உடம்பு எடையில்லாமல் இருந்தது. மூச்சை உள்ளே இழுத்தேன். அது போய்க்கொண்டே இருந்தது. வெகுநாள் பூட்டிக் கிடந்த அறைகளுக்குள் ஒவ்வொன்றாகப் போவதுபோல. என் கணவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அன்று ஸ்கூல் விடுமுறை.

“என்னங்க, தூங்கலியா?”

“நீ இருமவே இல்ல. பயந்துட்டேன். மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.”

மாத்திரை சும்மா விடவில்லை. முகத்தில் பரு மாதிரி கிளம்பியது, தோல் உலர்ந்து வெடித்தது, நகக்கண்ணில் புண் வந்து சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தவித்தேன். இருந்தாலும் நான் நடந்தேன். படியேறினேன். முதல் ஸ்கேனில் கட்டி பாதிக்குமேல் சுருங்கியிருந்தது. வேலைக்கும் திரும்பினேன்.

அக்காவுக்கு ஊசி மருந்து ஏற்றும் நாட்களில் லீவு போட்டுவிட்டுக் கூட இருப்பேன். அந்த அறையில் சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருக்கும். எல்லார் கையிலும் குழாய். சன்னல் திரையை இழுத்துவிட்டிருப்பார்கள். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும்போது பேச்சு தானாகவே அடங்கிவிடும். யார் தூங்குகிறார்கள், யார் விழித்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. அக்காவுக்கு முடி போய், தலையில் மெல்லிய துணி கட்டியிருந்தார். அப்படி ஒரு காலை, சீக்கிரமே வந்துவிட்டதால் என் மாத்திரையைச் சின்ன டப்பாவில் போட்டு எடுத்து வந்திருந்தேன். நேரம் ஆனதும் டப்பாவைத் திறந்தேன்.

“அதுதானா?” என்றார் அக்கா. “குடு, பாக்கிறேன்.”

உள்ளங்கையில் வைத்தேன். குழாய் போடாத கை. அவர் மாத்திரையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், மறுபடியும் உள்ளங்கையில் வைத்து உருட்டினார்.

“இத்துனூண்டுதான்.”

“ஆமா அக்கா.”

“நான் ஒண்ணு சாப்பிட்டா என்னம்மா ஆகும்?”

“அக்கா, அது உங்க உடம்புல வேல செய்யாதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல. அந்த மாத்தம் இருந்தாத்தான்...”

“தெரியும். தெரிஞ்சுதான் கேக்கிறேன்.”

அவர் கை மூடவில்லை. என் கையும் நீளவில்லை. மூடினால் பிடுங்க என்னால் முடிந்திருக்குமா என்று எனக்கு இன்றும் தெரியாது. எங்களுக்கு எதிரே ஒரு பெரியவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். ஏதோ ஒரு கருவி மெல்ல ஒலித்தது, தாதி வந்து அதை நிறுத்திவிட்டுப் போனாள். அக்கா மாத்திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபமோ அழுகையோ அவர் முகத்தில் இல்லை. தூரத்தில் போகிற யாரையோ அடையாளம் தெரிகிறதா என்று பார்ப்பதுபோல இருந்தது.

பிறகு, “வாயத் தெற,” என்றார்.

திறந்தேன். அவர் கையாலேயே என் நாக்கில் மாத்திரையை வைத்தார். தன் தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினார். நான் விழுங்கும்வரை பார்த்துவிட்டு, “ம். போயிருச்சு,” என்று சொல்லி, சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் அடுத்த தடவையிலிருந்து அக்காவைப் பட்டர்வொர்த் ஸ்டேஷனிலிருந்தே ஏற்றி வர ஆரம்பித்தார். அக்கா ஒருத்திக்காக ஒரு முழு மஞ்சள் பஸ் பினாங்குப் பாலத்தைத் தாண்டி வரும். அவர் எப்போதும் முன் சீட்டில் உட்கார்ந்துகொள்வார்.

பழைய முறை என்று சொன்ன அந்த ஊசி மருந்து அக்காவை ஒரு வருடத்துக்கும் மேல் தாங்கியது. இடையில் முடி முளைத்தது, சுருள் சுருளாக. கேண்டீனுக்குக்கூட அரை நாள் போய்வந்தார். எங்கள் பேச்சு அப்போதும் மருந்துகளைப் பற்றித்தான். வாட்ஸ்அப்பில் யார் எதை அனுப்பினாலும் எனக்குத் தள்ளிவிடுவார். முள்சீத்தா இலையும் கஷாயமும் வரும். கூடவே உண்மையான செய்திகளும் வரும். எங்கோ ஒரு நாட்டில் ஒரு புது மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது என்று. எது சரி, எது தப்பு என்று அடுத்த தடவை டாக்டரிடம் கேட்போம். அவர் பொறுமையாகப் பிரித்துச் சொல்வார். “தெனம் ஒண்ணு வந்துக்கிட்டேதான் இருக்கு. எனக்கு உள்ளது இன்னும் கிளம்பல, அவ்வளவுதான்,” என்பார் அக்கா, தாமதமாகும் பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோல.

பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஸ்கேனில் கட்டி மறுபடியும் வளர்ந்திருந்தது. டாக்டர் ஒரு யோசனை சொன்னார். முன்பு செய்த சோதனை சில மாற்றங்களை மட்டும் பார்ப்பது. இப்போது பல மரபணுக்களை ஒரே நேரத்தில் பார்க்கும் சோதனை இருக்கிறது. அரிதான மாற்றம் ஏதாவது அகப்பட்டால் அதற்கென்று மருந்து இருக்கலாம், அல்லது ஆராய்ச்சியில் சேர இடம் இருக்கலாம். ஆனால் பழைய துணுக்கு போதாது. திரும்பவும் ஊசி குத்தி எடுக்க வேண்டும்.

அக்கா பிடிகொடுக்கவில்லை. அன்று ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டில்தான் தங்கினார். சாயங்காலம் சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தோம். கடல் பக்கம் வானம் ஊதா நிறமாகிக்கொண்டிருந்தது. கீழே பிள்ளைகள் பந்து விளையாடினார்கள்.

“ஊசிக்குப் பயமா, அக்கா?”

“ஊசி என்னம்மா ஊசி. குத்தறது ஒரு நிமிசம்.” கீழே விளையாடும் பிள்ளைகளைப் பார்த்தார். “ஆசப்படறதுக்குத்தான் பயமா இருக்கு. போன தடவ அந்த ரயில்ல நான் எவ்வளவு ஆசப்பட்டேன்னு உனக்குத் தெரியாது. உன் தோள்ல சாஞ்சு தூங்கின மாதிரி படுத்திருந்தேன். தூங்கல. எல்லாத்தையும் நெனச்சு முடிச்சிட்டேன். அப்புறம் அதையெல்லாம் ஒவ்வொண்ணா நெனக்காம விடறதுக்கு ரொம்ப நாளு ஆச்சு.”

நல்ல முடிவு வரும் என்று நான் சொல்லவில்லை. என் கணவர்தான் சமையல்கட்டிலிருந்து, “அக்கா, நீங்க ஆசப்படாமயே போயி குத்திக்கிட்டு வாங்க. ஆசப்படற வேலைய நாங்க பாத்துக்கறோம்,” என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். அடுத்த வாரம் போய்க் குத்திக்கொண்டார்.

இந்த முறை அகப்பட்டது. என்னுடையது இல்லை, வேறொன்று. அரிதானது என்று டாக்டர் சொன்னார். அதைக் குறிவைக்கும் மருந்து கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சியாக நடந்துகொண்டிருந்தது. எடுத்துக்கொள்வார்களா என்பது உறுதியில்லை. ரத்தம், இருதயம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். அக்கா கேண்டீனை இன்னொரு பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போனார். எங்களைக் கூப்பிடவே இல்லை. நான் போன் செய்தால், “இன்னும் ஒண்ணும் தெரியலம்மா,” என்று சொல்லி வைத்துவிடுவார். ஆசைப்படும் வேலையை எங்களிடம் கொடுத்துவிட்டார் அல்லவா, நாங்கள் செய்தோம். என் கணவர் பஸ் ஓட்டும்போதுகூட அதையே நினைப்பதாகச் சொன்னார்.

ஒரு மத்தியானம் கூப்பிட்டார். பின்னால் பேரப்பிள்ளையின் கார்ட்டூன் சத்தம்.

“சேத்துக்கிட்டு மருந்து குடுத்தாங்கம்மா. கட்டி சிறுசாயிருச்சாம்,” என்றார். “படத்தக் காட்டினாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா அங்க உள்ள சின்ன டாக்டர் பையன் கண்ணு கலங்கி நின்னான். அப்ப நெசந்தான்னு நெனச்சுக்கிட்டேன்.”

எனக்கு அந்த நேரத்தில் இன்னொரு சேதி இருந்தது. அதை அன்று அவரிடம் சொல்லவில்லை. என் ஸ்கேனில் இடுப்பெலும்பில் ஒரு புள்ளி தெரிந்திருந்தது. மற்ற இடங்களில் மாத்திரை பிடித்துவைத்திருக்கிறது, இந்த ஒன்றுக்கு மட்டும் கதிர் சிகிச்சை கொடுப்போம், மாத்திரையைத் தொடருங்கள் என்றார் டாக்டர். இந்த மாத்திரையை ஒரு நாள் அந்த நோய் கற்றுக்கொண்டுவிடும், அப்போது மறுபடியும் சோதித்துப் பார்ப்போம், அதற்குள் புதிதாக என்னென்ன வந்திருக்கிறதோ பார்ப்போம் என்றார். ஆரம்பத்திலேயே அவர் இதை மறைக்காமல் சொல்லியிருந்தார். அப்போது எனக்குக் காதில் விழவில்லை. கதிர் கொடுத்தார்கள். புள்ளி அடங்கியிருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன். கேட்டால் டாக்டர் உண்மையைத்தான் சொல்வார். அவருக்கும் தெரியாது என்பதுதான் அந்த உண்மை. காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டுச் சன்னலருகே நிற்கும்போது சில நாள் எனக்கு நான் ஏற்கெனவே போய்விட்டதாகவும், போனபின் திரும்பி வந்து இந்த வீட்டைப் பார்ப்பதாகவும் தோன்றும். அது துக்கமாக இருப்பதில்லை. அரிசி டின், காயும் சட்டைகள், அவர் குளித்துவிட்டு வரும்போது தரையில் விடும் ஈரக் கால்தடம், எல்லாம் மிகவும் அழகாக இருக்கும்.

சென்ற மாதம் அக்கா பினாங்குக்கு வந்தார். முகம் நன்றாகச் சதை வைத்திருந்தது. அந்த மருந்து அவருக்குக் காலில் நீர் சேர்க்கிறது. இரண்டு பாதமும் வீங்கி, போட்டு வந்த செருப்பின் வார் சதைக்குள் புதைந்திருந்தது.

“இதுக்குப் பேரு காலா? தலகாணி,” என்றார். “மருந்த நிறுத்தணுமான்னு கேட்டாங்க. கால எடுத்தாலும் மருந்த நிறுத்த மாட்டேன்னு சொல்லிட்டேன்.”

டவுனில் செருப்புக் கடைக்குக் கூட்டிப்போனேன். மழை விட்டிருந்தது. பெண்கள் செருப்பு ஒன்றும் ஏறவில்லை. கடைக்காரப் பையன் தயங்கித் தயங்கி ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு ரப்பர் செருப்பை எடுத்து வந்தான். நீல நிறம், படகு மாதிரி. அக்கா போட்டுப் பார்த்தார், எழுந்து நின்றார், கடைக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். அதையே போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு, பழையதைப் பையில் போடச் சொன்னார்.

வெளியே அஞ்சடி நடைபாதையில் கடைகளின் பாட்டுச் சத்தம் ஒன்றோடொன்று கலந்து கேட்டது. ஈரமான ரோடு முழுக்க வெளிச்சம். எனக்கு இடுப்பு லேசாக வலித்ததால் மெல்ல நடந்தேன். அக்கா நீலச் செருப்பு சப்தமிட முன்னால் போய்க்கொண்டிருந்தார். பூக்கடையைத் தாண்டியதும் நின்று திரும்பினார்.

“பசிக்குது. மீகோரேங் சாப்பிடலாமா, இல்ல வீட்டுக்குத் தாப்பாவ் பண்ணி எடுத்துக்கிட்டுப் போகலாமா?”

“இங்கயே உக்காந்து சாப்பிடலாம் அக்கா,” என்றேன். அவர் அங்கேயே நின்று, நான் வந்து சேர்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார்.